நான்காவது வரியும் ஐந்தாவது வரியும்

தம்பி,

திங்கட்கிழமை மத்தியானம் கல்யாண மண்டபத்து மேனேஜர் மேஜை மேல் இரண்டு காகிதங்களை எடுத்துப் போட்டார். மண்டபத்துக்கு முன்னால் இருக்கும் அரை ஏக்கர் லானை மாதம் முழுக்கப் பராமரிக்க என்ன ரேட்டு என்று கேட்டிருந்தார்களே, அதற்கு வந்த காகிதங்கள். ஒன்று என்னுடையது, இருபத்து நாலாயிரம். மற்றது உன்னுடையது, பதினாலாயிரம். உன் பேர் போட்ட அட்டையையும் அதோடு குத்தி வைத்திருந்தாய். "இன்னாம்மா, இது ஒம் புள்ளதான?" என்று மேனேஜர் சிரித்தார். "ஆத்தாளவுட பத்தாயிரம் கம்மியா போட்டிருக்கான். வூட்டுல ஒக்காந்து பேசி ஒரே ரேட்டா கொண்டாங்க. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மொதலாளி வர்றாரு. அவரு மேல எழுதினதயெல்லாம் படிக்க மாட்டாரு. கீழ இருக்கற நம்பரதான் பாப்பாரு." நான் சிரிக்கவில்லை. தண்ணீர் கூடக் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். செராமிக் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார், தலையெல்லாம் வெள்ளை மாவு. "ஆத்தாளும் புள்ளையும் ஒரே பந்தலுக்குத் தனித்தனியா ஒல வெக்கிறீங்களா? பந்தி போடறவனுக்குக் கொண்டாட்டந்தான்" என்றார். சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார். உனக்கு இரண்டு தடவை போன் அடித்தேன். கட் பண்ணினாய். எடுத்திருந்தால் நான் கத்தியிருப்பேன், நீயும் கத்தியிருப்பாய், மூன்று மாதத்துக்கு முன்னால் ஜங்ஷன் ரோட்டில் ரூம் எடுத்துக்கொண்டு போன அன்றைக்கு நடந்ததுதான் மறுபடி நடந்திருக்கும். அதனால் எழுதுகிறேன். இதை ஒளித்து வைக்க வேண்டாம். யார் கையில் கிடைத்துப் படித்தாலும் எனக்கு வெட்கம் இல்லை. வெட்கப்பட வேண்டியதை நானே கீழே எழுதத்தான் போகிறேன். உனக்கு இருபத்து நாலு வயது, எனக்கு நாற்பத்து மூன்று. உட்கார்ந்து அறிவுரை சொல்லும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. கோபப்படும் வயதில்தான் இருக்கிறேன். அப்படியே படி.

தை மாதம் உனக்குக் கல்யாணம். பெண் வீட்டில் "மாப்பிள்ளை சொந்தமா தொழில் பண்றாரு" என்று சொல்லிக்கொள்ள ஒரு பெரிய இடம் உன் கையில் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. டிப்ளமோ முடித்த அன்று உன் மாமன் "படிச்சிட்டு ஆத்தா கூட புல்லு புடுங்கப் போறியா?" என்று கேட்டது உன் நெஞ்சில் இன்னும் குத்திக்கொண்டிருக்கிறது. அட்டையில் நீ "லேண்ட்ஸ்கேப் சர்வீஸ்" என்று போட்டதற்கு அதுதான் காரணம். போட்டுக்கொள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பேரை ஏற்றிவிட்டு ரேட்டை இறக்கியிருக்கிறாயே, அது என்ன கணக்கு? பேருக்குத் தகுந்த மாதிரி நீ அதிகமாகக் கேட்டிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

உன் காகிதத்தை மேனேஜர் மேஜையிலேயே வரி வரியாகப் படித்தேன். என் காகிதத்தை டைப் அடித்துக் கொடுத்ததே நீதான், அதனால் நீ எதை வைத்துக்கொண்டாய், எதை எடுத்தாய் என்று பார்த்ததும் தெரிந்தது. என் காகிதத்தில் மூன்றாவது வரியாக, வேலை செய்யும் பெண்களுக்கு மண்டபத்துக் கக்கூஸைத் திறந்துவிட வேண்டும் என்று இருக்கும். டைப் அடிக்கும்போதே நீ முகம் சுளித்தாய். "யம்மா, ரேட்டு பேப்பர்ல போயி யாராவது இத எழுதுவாங்களா?" என்றாய். எழுதித்தான் ஆக வேண்டும். ஆயிரம் பேர் வந்து போகிற மண்டபத்தில் பெண்ணை அழைத்து வருகிறவர்களுக்கு ஏசி ரூம், மாப்பிள்ளைத் தோழர்களுக்குத் தனி ரூம், லானில் குந்திக் களை பிடுங்குகிற நாலு பெண்களுக்கு மட்டும் பின்னால் இருக்கிற கருவேலங்காடு. காலையில் தண்ணீர் குடிக்காமல் வேலைக்கு வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு கூப்பிட்டபோதெல்லாம் போய் அந்த லானில் நான் எத்தனை நாள் வேலை பார்த்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அந்த வரியை நீ எடுத்துவிட்டாய். அதை எடுத்ததால் ஒரு ரூபாயும் குறையவில்லை. காகிதம் பார்க்க அழகாக இருக்கட்டும் என்றுதான் எடுத்திருக்கிறாய்.

அடுத்து ரேட்டு. நீ எப்படிப் போட்டாய் என்று எனக்குப் புரிகிறது. அரை ஏக்கர், சதுர அடிக்கு இவ்வளவு என்று பெருக்கியிருக்கிறாய். சென்னையில் நீ வேலை பார்த்த கம்பெனியில் அப்படித்தான் போடுவார்கள். ஆனால் அந்தச் சதுர அடியில் முகூர்த்த நாள் இருக்கிறதா? ரிசப்ஷன் முடிந்த மறுநாள் காலை அந்த லானை வந்து பார். ஐந்நூறு நாற்காலியின் கால் குத்திய குழி இருக்கும். மேடையில் வெடித்த ஜிகினாப் பேப்பர் புல்லுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். எந்த மிஷினாலும் அதை எடுக்க முடியாது, கையால்தான் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். பாட்டில் சில்லு கிடக்கும். போன ஆவணியில், என்னோடு களை பிடுங்கும் அஞ்சலையின் உள்ளங்கையில் இறங்கிய சில்லை டாக்டர் எடுத்தபோது ரசீதில் கையெழுத்துப் போட்டது நீ. ஐப்பசி, கார்த்திகையில் எட்டு நாளைக்கு ஒரு தடவை வெட்டினாலும் புல் கணுக்காலைத் தாண்டும். சித்திரையில் தண்ணீர் இல்லாமல் மஞ்சளாகும், அதற்கும் நம் ரேட்டில்தான் பிடிப்பார்கள். உன் அப்பா கம்பெனியில் கரண்ட் பியூஸுக்கான பீங்கான் சூளைக்குள் வெடித்தால் கூலி கிடையாது என்று சொல்வார்களே, சூளையைக் கொளுத்துகிறவன் கம்பெனிக்காரன், வெடித்தால் நஷ்டம் உன் அப்பாவுக்கு, அதே நியாயம்தான் இங்கேயும். நீ வெடிக்காத பீஸை மட்டும் எண்ணி ரேட்டு போட்டிருக்கிறாய்.

பத்தாயிரம் எங்கிருந்து குறைந்தது என்று பஸ்ஸில் வரும்போதே போட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் உன்னுடையது. உன் கூலியை நீ போடவே இல்லை. மிஷின் தேய்மானம் போடவில்லை. கல் பட்டு பிளேடு வாய் போனால் அதை உன் மாமனார் மாற்றித் தருவாரா? முதல் வருடம் நானும் அப்படித்தான் போட்டேன். வேலை கிடைத்தால் போதும் என்று என்னை நானே இலவசமாகக் கொடுத்தேன். அதை நீ பட்டுத் தெரிந்துகொள்வாய், அதற்காக நான் இவ்வளவு எழுத மாட்டேன். மீதி நாலாயிரத்து எண்ணூறு பெண்களுடைய காசு. நாலு பேர், மாதம் எட்டு நாள். நான் நானூற்று ஐம்பது கொடுக்கிறேன். நீ முந்நூறு என்று வைத்திருக்கிறாய். முந்நூறுக்கு எப்படி வருவார்கள் என்று யோசித்தேன். உன் நான்காவது வரியைப் படித்ததும் விளங்கிவிட்டது. "வெட்டிய புல்லை நாங்களே எடுத்துச் செல்வோம், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை." முந்நூறு ரூபாயும் ஒரு சாக்கு புல்லும். மாடு வைத்திருக்கிறவள் வருவாள். நம் ஊரில் புல் அறுக்கிறதுக்கு யாரும் எந்தக் காலத்திலும் காசு கொடுத்ததில்லை. வரப்பில் அறுத்துக்கொள்ள விட்டதே பெரிய தயவு, புல்தான் கூலி. அந்தப் பழக்கத்தை நீ எடுத்து வெள்ளைக் காகிதத்தில் டைப் அடித்திருக்கிறாய். நம் ஆட்கள் வராவிட்டாலும் கம்மாபுரம் பக்கத்து ஆட்கள் வருவார்கள் என்றும் நீ நினைத்திருப்பாய். சுரங்கத்துக்கு நிலம் போய், மாடு மட்டும் மிஞ்சி, அறுக்க ஒரு வரப்பு இல்லாமல் நிற்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய கஷ்டத்தைத்தான் நீ டிஸ்கவுண்ட் என்று எழுதியிருக்கிறாய்.

அதற்குக் கீழே ஐந்தாவது வரி. "மாதம் ஒருமுறை பூச்சி மருந்து இலவசம்." இந்த இரண்டு வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்ததைப் பார்த்ததும் விரல் வைத்து மறுபடி மறுபடி படித்தேன். நான் ரேட்டைத்தான் பார்க்கிறேன் என்று மேனேஜர் நினைத்திருப்பார். நீ தெரிந்து எழுதவில்லை. அது உனக்குத் தெரியாமல் இருப்பதற்கு நான்தான் காரணம். இனிமேல் எழுதப்போவதை ஏழு வருடமாக நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அப்பாவிடம் கூட.

நீ பன்னிரண்டாவது படித்த வருடம். பெண்ணாடம் ரோட்டில் ஒரு காலேஜ் லான் எனக்குக் கிடைத்தது. என்னுடைய முதல் பெரிய இடம். ரேட்டு பேசப் போனபோது ஆபீஸில் இருந்தவர், "புல்ல வேற எடுத்துக்கிட்டுப் போறீங்க. பார்க்கப் போனா நீங்கதான் எங்களுக்குக் காசு கட்டணும்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சிரிப்புக்காக என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. அவர் சொன்ன தொகைக்கு ஒத்துக்கொண்டு வந்தேன். அதில் பெட்ரோல் போக இரண்டு பேருக்கு முழுக் கூலி வராது. அஞ்சலையிடம் போய், "கூலி எரநூறு, புல்லு பூரா ஒனக்கு" என்றேன். அவளிடம் அப்போது ஒரு சினை மாடு இருந்தது, ஈனுவதற்கு ஒரு மாதம்தான் பாக்கி. "புல்லு குடுத்தா போதுங்க்கா, தீனிக்குத்தான் அல்லாடறேன்" என்று அவள் சந்தோஷமாகவே வந்தாள். நான் ஏதோ உபகாரம் செய்தது மாதிரி நடந்துகொண்டேன்.

மூன்றாவது தடவை வெட்டப் போன அன்று, வேலை முடிந்து அஞ்சலை சாக்கில் புல்லை அமுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் வாட்ச்மேனிடம் கேட் சாவியைக் கொடுக்கப் போனேன். அவர் அந்தச் சாக்கைப் பார்த்துவிட்டு, "மாட்டுக்கா எடுத்துக்கிட்டுப் போறீங்க? வேர்ல புழு வந்துச்சின்னு முந்தாநேத்துதான் குருண மருந்து தூவினாங்க. பாத்துக்கங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அங்கேயே நின்று யோசித்தேன். நேற்று சாயங்காலம் நல்ல மழை, மருந்து கரைந்து போயிருக்கும் என்று யோசித்தேன். இன்றைக்குப் புல் வேண்டாம் என்று சொன்னால் அவளுக்கு இன்னொரு நூறு ரூபாய் கொடுக்க வேண்டும், அந்த நூறு என் கையில் இல்லை என்றும் யோசித்தேன். இரண்டாவது யோசனைதான் முதல் யோசனையை எனக்குள் கொண்டுவந்தது என்று எனக்கு அப்போதே தெரியும். திரும்பி வந்து அஞ்சலையின் தலையில் சாக்கைத் தூக்கி வைத்தேன். என் கையால் தூக்கி வைத்தேன், தம்பி.

மறுநாள் காலை மாடு நுரை தள்ளிக் கீழே கிடந்தது. மாட்டு டாக்டரை சைக்கிளில் உட்கார வைத்து மிதித்துக்கொண்டு வந்தவன் நீ. ஊசி போட்டும் மாடு பிழைக்கவில்லை. டாக்டர் கண்ணைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "வெஷம் போயிருக்குது, என்னத்தக் குடுத்தீங்க?" என்றார். புல்லைத் தவிர ஒன்றும் கொடுக்கவில்லை என்றாள் அஞ்சலை. அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அவள் கொழுந்தன் வீட்டோடு வேலித் தகராறு இருந்த சமயம். யாரோ ஒருவர் "பங்காளி வூட்ட வுட்டா வேற யாரு?" என்றார். அவ்வளவுதான். அஞ்சலை தெருவில் இறங்கி இரண்டு கையிலும் மண்ணை வாரி கொழுந்தன் வீட்டைப் பார்த்துத் தூற்றினாள். "வாயில்லா ஜீவன் வவுத்துல கன்னோட போச்சே, ஒன் வூடு வெளங்குமாடா" என்றாள். அந்தக் கொழுந்தன் கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணி, சத்தியமா நான் இல்ல அண்ணி" என்று அழுதான். நான் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தேற்றுகிற மாதிரி நின்றேன். அன்றைக்கு முறிந்த அந்த இரண்டு வீட்டுக்கும் இன்றுவரை பேச்சு வார்த்தை இல்லை. போன வருடம் கொழுந்தன் மகளுக்குக் கல்யாணம், எதிர் வீட்டில் இருந்த அஞ்சலைக்குப் பத்திரிகை இல்லை. பந்தல் சத்தம் கேட்கக் கூடாது என்று அன்று முழுக்க அவள் என்னோடு வேலையில் இருந்தாள். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு நான் யாருக்கும் புல்லைக் கூலியாகக் கொடுத்ததில்லை. வெட்டிய புல்லைக் குழி வெட்டிப் புதைக்கிறேன். "அம்மாவுக்கு இரக்கமே இல்ல, நல்ல தீனிய மண்ணுல போடுது" என்று நீயே ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். காரணம் கேட்டாய், கம்பெனி ரூல் என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த இரண்டு வரியும் உன் காகிதத்தில் அடுத்தடுத்து வந்திருக்காது. அஞ்சலையின் மாட்டைப் பங்காளிதான் கொன்றான் என்று நீ இன்றைக்கும் நம்புகிறாய். நான் வளர்த்த பொய்யின் மேல் நீ உன் ரேட்டைப் போட்டிருக்கிறாய். எவன் எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் அந்தக் குறைவு எங்கேயோ ஒருவர் தலையில் போய் உட்காரும். அன்றைக்கு அது சாக்காக உட்கார்ந்தது. கம்மி ரேட்டைக் கண்டால் எனக்கு வருகிற பயம் இதுதான். ரூம் எடுத்துக்கொண்டு போன அன்று நீ அதற்கு மார்க்கெட் தெரியாதவள் என்று பேர் வைத்தாய்.

இதுவரை எழுதியதை புதன்கிழமை மத்தியானம் அஞ்சலைக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. உனக்கு முன்னால் அவளுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும், "அந்த வாட்ச்மேன் சொன்னப்ப நான் எங்க இருந்தன்?" என்று கேட்டாள்.

"சாக்கு கட்டிக்கிட்டு இருந்த."

"எவ்ளோ தூரம்?"

"பத்தடி இருக்கும்."

அவள் தன் கையைப் பார்த்தாள், சில்லு இறங்கிய கை. "நான் மண்ண வாரித் தூத்தினனே, அது யாரு மேல போயி வுழுந்துச்சு?" என்றாள். தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அவள் வீட்டுக்குப் போகவில்லை, எதிரே கொழுந்தன் வீட்டுப் படலைத் திறந்துகொண்டு போனாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

இன்று வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்கு மற்ற மூன்று பெண்களையும் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. ஏழு வருடமாக என்னை அக்கா என்று கூப்பிட்டவள், "ஏம்மா" என்று ஆரம்பித்தாள். "ஏம்மா, இத்தினி நாளு எங்க கூலிய நீ சொல்லுவ, நாங்க வருவோம். இனிமே நாங்க சொல்றோம். ஐநூறு. ஒனக்கும் அதான், ஒம் புள்ளைக்கும் அதான். புல்லு வாணாம். மருந்து போட்டா எங்க எதிர்ல சொல்லிட்டுப் போடணும். கக்கூஸ் தெறந்து வுடணும். கம்மாபுரத்துக்காரிங்களக் கூட்டியாந்துடலாம்னு பாக்காதீங்க, எங்க சின்னம்மா பொண்ணு அங்கதான் வாக்கப்பட்டிருக்குது. நேத்தே போன் போட்டுச் சொல்லியாச்சு." நான் சரி என்றேன். "மாட்டுக்கு என்ன சொல்ற?" என்று மூன்று பெண்களில் ஒருத்தி கேட்டாள். அஞ்சலை அவளைத் தடுத்தாள். "அது எனக்கும் இந்தம்மாவுக்கும் உள்ளது. அத இதுல சேக்காத" என்றாள். என்ன கேட்கப் போகிறாள் என்று தெரியவில்லை. எது கேட்டாலும் கொடுப்பேன். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது.

அவர்கள் போனதும் என் காகிதத்தை எடுத்து இருபத்து நாலாயிரத்தை அடித்துவிட்டு இருபத்தைந்தாயிரத்து அறுநூறு என்று எழுதினேன். கக்கூஸ் வரியை மூன்றாவதிலிருந்து முதல் வரிக்கு ஏற்றினேன். அந்த முதலாளி மேலே எழுதியதைப் படிக்க மாட்டார் என்றால் நான் வாசித்துக் காட்டுவேன். இடம் கிடைக்காமல் போகலாம். இன்னும் ஒருவன் எங்கிருந்தாவது பத்தாயிரத்துக்கு வந்து நிற்கலாம். அந்த ஒருவன் நீயாக இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் நான் உன்னைக் கேட்பது. பெண் வீட்டில் என்ன சொல்வது என்று பயந்தால், ரேட்டில் இறங்கவில்லை, அதனால் இடம் போய்விட்டது என்று சொல். அதைக் கேட்டு முகம் சுளிக்கிற வீடாக இருந்தால் தைக்கு முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது.

உன் அப்பா இன்று வேலைக்குப் போகும் வழியில் இதை உன் ரூமில் கொடுப்பார். நாளைக்குக் காலை பத்து மணிக்கு நான் மண்டபத்து கேட்டில் நிற்பேன். அஞ்சலையும் வருவாள். பக்கத்தில் நிற்பாள், ஆனால் என்னோடு பேச மாட்டாள். நீ வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது அவள் உன்னிடம் காகிதத்தைக் கேட்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நீதான் வாசித்துக் காட்ட வேண்டும், நான்காவது வரியையும் ஐந்தாவது வரியையும், அவள் முகத்தைப் பார்த்து.

அம்மா